சாலையில் ஓடும் வண்டிகளின் புகையைக் கணக்கிடுவது எப்படி?

வண்டிகளின் எண்ணிக்கை, சாலையின் நீளம், ஒரு வண்டி ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை கிராம் கக்குகிறது என்ற அளவு. இந்த மூன்றையும் பெருக்கினால் விடை வந்துவிடும். பெருக்கலில் யாரும் தவறுவதில்லை, எண்ணும்போதுதான் பிசகு.

தேனாம்பேட்டை சிக்னலை ஒட்டி அண்ணா சாலையில் அரை கிலோமீட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். உயரமான இடத்திலிருந்து ஒவ்வொரு மணி நேரத்திலும் 15 நிமிடம் வீடியோ எடுத்து, டூவீலர், ஆட்டோ, கார், வேன், பஸ், லாரி எனப் பிரித்து எண்ணி, 4ஆல் பெருக்குங்கள். காலை, மாலை நெரிசலை மட்டும் எண்ணி ஒரு நாளுக்கு நீட்டக் கூடாது. இரவில் வரும் சரக்கு லாரிகள் விட்டுப்போகும். டீசல் புகையில் அவற்றின் பங்கு பெரிது.

அடுத்து வண்டியின் வயது. பெட்ரோல் பங்க்கில் 200 வண்டிகளின் எரிபொருளையும் பதிவான ஆண்டையும் குறித்தால் விகிதம் கிடைக்கும். இதில் சோம்பல் கூடாது. டீசல் காருக்கு நைட்ரஜன் ஆக்சைடு வரம்பு, பாரத் ஸ்டேஜ் (பிஎஸ்) எனப்படும் இந்திய வாகனப் புகை விதிகளில், பிஎஸ் 4இல் கிலோமீட்டருக்கு 0.25 கிராம், 2020 ஏப்ரலில் வந்த பிஎஸ் 6இல் 0.08. மணிக்கு 400 டீசல் கார் போனால், அரை கிலோமீட்டரில் முதல் கணக்கு 50 கிராம், இரண்டாவது 16. இவை சோதனைக்கூட வரம்புகள் என்பதால் சாலையில் இதைவிடக் கூடுதலாகவே வரும். இந்திய வாகன ஆராய்ச்சிக் கழகமான ஏஆர்ஏஐ வெளியிட்ட உமிழ்வு அளவுகள் இருந்தால் அவற்றையே எடுங்கள்.

சிக்னலில் நிற்கும் வண்டி நகராமலே புகைக்கிறது. கிலோமீட்டர் கணக்கில் இது முழுதாக வராது. எத்தனை வண்டி, எத்தனை விநாடி நிற்கிறது என்று தனியாகக் குறியுங்கள். பிரேக், டயர் தேய்மானமும் சாலைப் புழுதியும் மின்வண்டியிலும் உண்டு. நுண்துகள் கணக்கில் அவற்றைத் தனி வரியாகச் சேர்க்க வேண்டும்.

கிராம் கணக்கு, நாம் சுவாசிக்கும் காற்றின் அளவு ஆகாது. அதற்கு, 2.5 மைக்ரோமீட்டரும் அதற்குக் குறைவுமான நுண்துகளை (பிஎம் 2.5) அளக்கும் இரண்டு சென்சார் வேண்டும். முதலில் இரண்டையும் ஒரே மேசையில் ஒரு நாள் ஓடவிட்டு, வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒன்றைச் சாலையின் மேற்கு ஓரத்திலும், மற்றதைச் சாலைக்குக் கிழக்கே உள்ள உள்தெரு மொட்டை மாடியிலும் வையுங்கள். பிற்பகலில் கடல்காற்று வீசும்போது சாலைக்கு மேற்கே உள்ள அளவிலிருந்து கிழக்கே உள்ளதைக் கழித்தால் சாலையின் பங்கு தெரியும். 24 மணி நேரச் சராசரிக்கான தேசிய வரம்பு ஒரு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம். ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டினால் மலிவு சென்சார்கள் நீர்த்துளியையும் தூசியாக எண்ணும். அந்த நேரத்து அளவுகளைத் தள்ளிவிடுங்கள். சென்னையில் விடியற்காலையில் இது அடிக்கடி நடக்கும்.