சுற்றுச்சூழல் ஆர்வத்தில் காசைக் கரியாக்காதீர்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜூன் 5 நெருங்கினால் எனக்கு அழைப்புகள் பெருகிவிடும். உலகச் சுற்றுச்சூழல் தினத்துக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று திருப்பூர் பனியன் கம்பெனியிலிருந்து ஒருவர் கேட்பார், சரவணம்பட்டி அலுவலகத்திலிருந்து ஒருவர் கேட்பார், பெருந்துறைப் பக்கம் புது வீடு கட்டியவர் ஒருவர் கேட்பார். மழைநீர் அமைப்பு, உரத்தொட்டி, கழிவுநீர் வடிகட்டி இவற்றை அமைத்துக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. ஆர்வத்தோடு வருகிறவர்களிடம் முகம் சுளிப்பது தொழிலுக்கு நல்லதல்ல. ஆனாலும், 2003-இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கி அவசரச் சட்டம் வந்தபோது அதிகாரியின் கண்ணுக்குக் காட்டுவதற்காக ஊர் முழுக்க என்னென்ன கோணங்கித்தனங்கள் நடந்தனவோ, அதே வேலைகளை இன்று இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற பையன்கள் அச்சுப் பிசகாமல் செய்கிறார்கள். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

குழாயை மூடுங்கள், விளக்கை அணையுங்கள் என்றெல்லாம் எழுதப் போவதில்லை. அவை பள்ளிக்கூடப் புத்தகத்திலேயே இருக்கின்றன.

கூரைத் தண்ணீரை நேராகப் போர்வெல்லில் இறக்குவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வரும். மொட்டை மாடியிலிருந்து நான்கு அங்குலக் குழாய் ஒன்று இறங்கும். நடுவில் பளபளவென்று ஒரு உருளை வடிகட்டி. குழாயின் மறுமுனை போர்வெல் மூடியில் துளை போட்டுச் செருகப்பட்டிருக்கும். இடைவெளியை அடைக்க ஒரு உருண்டை எம்-சீல். அரை நாளில் வேலை முடிந்துவிடும். குழி வெட்ட வேண்டியதில்லை, தளத்தை உடைக்க வேண்டியதில்லை. படம் எடுத்து அனுப்பினால் முதலாளிக்கும் மகிழ்ச்சி.

கோவை, திருப்பூர்ப் பக்கத்து நம் நிலம் எப்படிப்பட்டது என்று தெரிந்தவர்கள் இதைச் செய்ய மாட்டார்கள். மேலே சில அடிக்குச் செம்மண்ணோ கரிசலோ இருக்கும். பல இடங்களில் அதற்குக் கீழே சுக்கான் (தண்ணீர் எளிதில் இறங்காத சுண்ணாம்புக் கெட்டி அடுக்கு), பிறகு சிதைந்த பாறை, பிறகு கெட்டிப் பாறை. காவிரிக் கழிமுகத்தில் இருப்பதுபோல மணல் அடுக்கு முழுவதும் தண்ணீர் ஊறி நிற்கும் பூமி இது இல்லை. கெட்டிப் பாறைக்குள் ஆங்காங்கே ஓடும் வெடிப்புகளில்தான் தண்ணீர் இருக்கிறது. ஆயிரம் அடி போட்டாலும் உங்கள் மோட்டாருக்குத் தண்ணீர் தருவது நடுவில் எங்கோ இருக்கும் ஒன்றிரண்டு வெடிப்புகளே. கேசிங் பைப்பும் மேல்மண் சரியாமல் இருக்கத்தான். பாறை தொடங்கியதும் அது நின்றுவிடும். அதற்குக் கீழே வெறும் துளை.

இப்போது முதல் மழையை நினைத்துப் பாருங்கள். பங்குனியும் சித்திரையும் காய்ந்த மாடியில் தூசி, வேப்பஞ்சருகு, புறா எச்சம், மயில் எச்சம் (நம் பக்கம் மயில் ஏறாத மாடி ஏது?), தண்ணீர்த் தொட்டி கழுவிய சேறு, வெயில் தாங்க அடித்த வெள்ளைப் பூச்சு உரிந்த செதில் எல்லாம் கிடக்கும். அத்தனையும் கரைந்து குழாயில் இறங்குகிறது. உருளைக்குள் இருக்கும் வலை இலையைப் பிடிக்கும். நுண்ணிய வண்டலையும் கிருமியையும் அது பிடிக்காது. தண்ணீர் மண் வழியாக மெல்ல இறங்கினால் மண் அதை வடிகட்டும், மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அழுக்கில் பெரும்பகுதியைச் சிதைத்துவிடும். அந்த வேலை நடக்க விடாமல் அழுக்கை நேராகப் பாறை வெடிப்புக்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறது இந்தக் குழாய். வண்டல் படிந்து வெடிப்பு அடைபட்டால் போர்வெல்லின் ஊற்றே குறைந்துவிடும். தண்ணீர் பெருகும் என்று செய்த வேலை தண்ணீரைக் குறைக்கிறது.

வீட்டில் இப்படிச் செய்தால் நட்டம் உங்களோடு நிற்கலாம். கம்பெனியில் செய்தால் நிற்காது. பல்லடம் பக்கம் ஒரு கம்பெனியில் கூரைத் தண்ணீர் போதாது என்று முற்றத்து வடிகாலையும் சேர்த்து, வற்றிக் கிடந்த பழைய போர் ஒன்றில் விட்டிருந்தார்கள். லாரி வந்து திரும்பும் முற்றம் அது. ஓரத்தில் ஜெனரேட்டர், அதன் அடியில் டீசல் கறை. இரண்டு மழைக்காலம் போயிற்று. அடுத்த தோட்டத்துக்காரர் வந்து, மாட்டுத் தொட்டியில் எருமை வாய் வைக்க மறுக்கிறது என்று சண்டை பிடித்தார். நான் போய்ப் பார்த்தபோது தொட்டித் தண்ணீரின் மேல் ஏழு நிறத்தில் எண்ணெய்ப் படலம் மினுங்கியது. கையில் அள்ளி முகர்ந்தால் வொர்க்‌ஷாப் வாடை.

"அது வற்றிய போர்தானுங்க அண்ணா, அதில் விட்டால் யாருக்கு என்ன நட்டம்?" என்று கேட்டார் மேலாளர். படித்தவர், நல்ல மனிதர். வற்றிய போர் என்பது மூடி போட்ட பாட்டில் இல்லை என்று அவருக்கு விளக்கவே ஒரு மணி நேரம் ஆயிற்று. அந்த வெடிப்பு வேலிக்கு அப்பாலும் போகிறது. வேலி நாம் போட்டது. அன்றே குழாயை அறுத்தோம். கம்ப்ரசர் வைத்து ஊதியதில் கருப்பாகச் சேறு வந்தது, வாடை மட்டும் போகவில்லை. தோட்டத்துக்காரருக்கு மாதக் கணக்கில் லாரித் தண்ணீர் ஊற்றினார்கள். முறையாகக் குழி வெட்டியிருந்தால் ஆகியிருக்கும் செலவைப் போலப் பல மடங்கு அதற்கே போயிற்று.

நொய்யல் ஆற்றுக்கு நடந்ததைக் கண்ணால் பார்த்த ஊர் இது. பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தேக்கமாக மாறியது. வழக்கு வளர்ந்து, 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. ஆற்றின் நிறம் எல்லோருக்கும் தெரிந்தது, அதனால் நீதிமன்றம் வரை போக முடிந்தது. முந்நூறு அடி ஆழத்தில் இருக்கும் வெடிப்பின் நிறத்தை யார் போய்ப் பார்ப்பது?

சரியான முறை கடினமானது இல்லை. மழைநீரை முதலில் தொட்டியில் பிடித்துப் பயன்படுத்துங்கள், மிஞ்சுவதை மண்ணுக்குள் விடுங்கள். ஆயிரம் சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 930 லிட்டர் வரும். ஆண்டுக்கு 60 சென்டிமீட்டர் என்று குறைத்துக் கணக்கிட்டு, ஆவியாவதையும் வழிந்து போவதையும் கழித்தாலும் நாற்பதாயிரம் லிட்டருக்குக் குறையாது. பன்னிரண்டாயிரம் லிட்டர் லாரியில் மூன்று லோடுக்கு மேல்! இதைக் கொண்டுபோய்ப் போரில் கொட்டத் துடிப்பவர்களை எனக்குப் புரிவதே இல்லை.

மழை தொடங்கியதும் வரும் முதல் 200 லிட்டரைத் தனியே பிரித்துவிடுங்கள். அதற்கு ஒரு பீப்பாய் போதும். ரசாயனம் வந்த பழைய பீப்பாய் வேண்டாம். பீப்பாய் நிரம்பிய பிறகு வரும் தண்ணீர்தான் தொட்டிக்குப் போக வேண்டும். பீப்பாயின் அடியில் ஒரு சிறு குழாய் வைத்துச் சொட்டுச் சொட்டாகக் கசிய விட்டால் அடுத்த மழைக்குள் தானே காலியாகிவிடும். திறந்த கிணறு இருந்தால் வடிகட்டிய மிச்சத்தை அதில் விடுவது மிகச் சிறப்பு. அப்பாரு காலத்துக் கிணற்றைக் கட்டட இடிபாடு கொட்டி மூடிவிட்டு, பிறகு மழைநீர் சேகரிப்புக்கு என்னை அழைக்கிறவர்களிடம் நான் கூலியைக் கூட்டித்தான் கேட்பேன்.

கிணறு இல்லையென்றால் உறிஞ்சுகுழி. ஐந்தடி நீள அகலம், எட்டடி ஆழம். செப்டிக் டேங்கிலிருந்து ஐம்பது அடியாவது தள்ளி இருக்கட்டும். கல் நிரப்புவதற்கு முன் குழியின் அடியில் ஒரு அடி ஆழத்துக்கு ஒரு சிறு பள்ளம் தோண்டி, இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டு வீட்டுக்குப் போங்கள். மறுநாள் காலையிலும் தண்ணீர் நின்றால் நீங்கள் சுக்கானில் நிற்கிறீர்கள் என்று பொருள். கடப்பாறை போட்டு அதை உடைத்துத் தாண்டாமல் கல்லைக் கொட்டினால் கொசு வளர்ப்பீர்கள், தண்ணீர் இறங்காது. அடியில் பெருங்கல், அதற்கு மேல் 40 மில்லிமீட்டர் ஜல்லி, பிறகு 20 மில்லிமீட்டர் ஜல்லி, நைலான் வலை, மேலே மணல். ஒவ்வொரு புரட்டாசியிலும் மேல் மணலை எடுத்துக் கழுவிப் போட வேண்டும். லாரி நிற்கும் தளம், சாயம் கலக்கும் இடம், ஜெனரேட்டர் மேடை இவற்றின் தண்ணீர் எந்தக் குழிக்கும் போகக் கூடாது.

ஆர்.ஓ. கழிவுநீரை அதே குழியில் விடுவது

குடிநீர்க் கருவி தண்ணீரிலிருந்து பிரித்த உப்பைத் திரும்பவும் நிலத்துக்கே கொடுக்கிறீர்கள். அந்தக் கழிவுநீரால் தரை துடையுங்கள், கழிப்பறைக்கு ஊற்றுங்கள்.

ஜூன் 5-இல் மரம் நடுவது

தேதியை ஐக்கிய நாடுகள் சபை முடிவு செய்தது. காற்றைப் பாலக்காட்டுக் கணவாய் முடிவு செய்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று மழையைக் கேரளத்தில் கொட்டிவிட்டு, அந்தக் கணவாய் வழியாக வறண்ட வேகக்காற்றாக நம் பக்கம் வருகிறது. பல்லடத்திலும் உடுமலையிலும் காற்றாலைகள் நிற்பது அதனால்தான். கோவைக்கு மேற்கே மலையடியில் சாரல் விழும். கிழக்கே காங்கேயம், தாராபுரம் போகப் போக வெறும் காற்றுதான். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்ற ஊரில் வைகாசிக் கடைசியில் ஒன்றரை அடிக் கன்றை நட்டுவிட்டு, முதலாளி தண்ணீர் ஊற்றும் படத்தையும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். ஆவணிக்குள் குச்சி மட்டும் மிஞ்சும். மறு ஜூனில் அதே குழியில் அடுத்த கன்று. ஒரு கம்பெனியில் பெயர்ப் பலகையைக்கூட மாற்றாமல் ஆண்டை மட்டும் வண்ணம் அடித்துத் திருத்தியிருந்தார்கள்.

விழாவை ஜூனிலேயே வைத்துக்கொள்ளுங்கள், யார் வேண்டாம் என்றது? அன்று குழியை வெட்டுங்கள். சாணமும் மக்கிய இலையும் போட்டு ஆறவிட்டு, ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை பிடித்ததும் நடுங்கள். புங்கன், வேம்பு, பூவரசு போதும். வறண்ட காட்டுப் பக்கம் என்றால் கொறங்காட்டில், அதாவது வேலி போட்ட மேய்ச்சல் காட்டில், நிற்கும் வெள்வேல மரத்தைப் பாருங்கள். ஒருவரும் தண்ணீர் ஊற்றாமல் தலைமுறை தலைமுறையாக நிற்கிறது. நர்சரியில் கேட்டால் சிரிப்பார்கள், பரவாயில்லை.

இருபத்து நான்கு மணி நேரத்தில் உரம் தரும் இயந்திரம்

கேன்டீன் உள்ள கம்பெனிகள் ஏமாறும் இடம் இது. நாளொன்றுக்கு நூறு கிலோவுக்கு மேல் குப்பை சேரும் நிறுவனங்கள் மக்கும் குப்பையைத் தங்கள் இடத்திலேயே முடிந்தவரை பதப்படுத்த வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் சொன்னதும், இயந்திரம் விற்பவர்கள் வரிசையில் வந்தார்கள். இவற்றில் பலவும் மின்சாரத்தில் சோற்றையும் காய்த்தோலையும் சூடாக்கி, உலர்த்தி, பொடியாக்குகின்றன. வெளியே வருவது காய்ந்த சாப்பாடு. அதை ரோஜாச் செடிக்குப் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் மூன்றாம் நாள் நாற்றம் எடுத்து, எறும்பும் எலியும் வரும். இயந்திரத்தைச் சுற்றி வந்து ஒரு கேள்வி கேளுங்கள்: இந்தப் பொடியை நனைத்து ஒரு வாரம் மூடி வைத்துக் காட்ட முடியுமா?

பொள்ளாச்சியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதற்கு லட்சக்கணக்கில் செலவழிக்க வேண்டியதில்லை. தென்னை நார்க்கழிவை மூட்டையாக வாங்கி வைத்து, காய்த்தோல் ஒரு பங்கு போட்டால் அதற்குச் சமமாக நார்க்கழிவோ சருகோ போடுங்கள். காற்று போகத் துளையிட்ட தொட்டியில் வாரம் ஒரு முறை கிளறுங்கள். கையில் எடுத்து அழுத்தினால் ஓரிரு சொட்டு நீர் கசிய வேண்டும். ஒழுகினால் நார் போதவில்லை. வீட்டுக்கும் கேன்டீனுக்கும் முறை ஒன்றுதான், தொட்டியின் அளவுதான் வேறு.

பேப்பர் கப், துணி மாதிரிப் பை

கப்பின் உட்புறம் பிளாஸ்டிக் பூச்சு. விழாவில் கொடுக்கும் நான்-ஓவன் பை பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக். 2019 ஜனவரி 1-இல் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்த தடைப் பட்டியலில் இரண்டுமே இடம்பெற்றிருந்தன. எவர்சில்வர் டம்ளர் வாங்குங்கள். பைக்குத் திருப்பூரில் துணிப் பஞ்சமா?

ஏசி

24 டிகிரியில் வையுங்கள். வடிகட்டியைக் கழுவுங்கள். அவ்வளவுதான்.

காற்றுக் கசிவை விட்டுவிட்டுச் சோலார் பேசுவது

தையல் கம்பெனியானாலும் பட்டறையானாலும் ஏர் கம்ப்ரசர் இருக்கும். மின்சாரத்தை விழுங்குவதில் அதற்கு ஈடு குறைவு. ஞாயிற்றுக்கிழமை எல்லா இயந்திரங்களையும் நிறுத்திவிட்டுக் கம்ப்ரசரை மட்டும் ஓடவிடுங்கள். அழுத்தம் ஏறி நின்ற பிறகும் அது திரும்பத் திரும்பக் காற்றை அழுத்தத் தொடங்கினால், யாரும் பயன்படுத்தாத காற்றுக்கு மின்கட்டணம் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். ஆளில்லாத கூடத்தில் நடந்து போனாலே உஸ்ஸென்ற சத்தம் கேட்கும். இணைப்புகளில் சோப்பு நுரை தடவினால் குமிழி காட்டிக் கொடுத்துவிடும். கிளாம்பும் வாஷரும் மாற்ற ஆகும் செலவு அந்த வாரத் தேநீர்ச் செலவுக்குள் அடங்கும். மின்விசிறி மாற்றுவதும் இதைப் போன்றதுதான்: பழையது 75 வாட் எடுக்கும், பிஎல்டிசி என்கிற மோட்டார் வகை 30 வாட்டுக்குப் பக்கத்தில் நிற்கும். இவற்றை முடித்துவிட்டுச் சோலாருக்கு அளவெடுத்தால் பலகைகளின் எண்ணிக்கையே குறையும்.

பசுமைக் குழு

ஒன்பது பேர் கொண்ட குழு போடுவார்கள். மணலைக் கழுவவும் தொட்டியைக் கிளறவும் அதில் ஒருவர்கூட இருக்க மாட்டார். குழுவைக் கலைத்துவிட்டு, தோட்டக்காரரையோ வாட்ச்மேனையோ கூப்பிட்டு, இந்த வேலைக்கென்று சம்பளத்தில் ஒரு தொகை கூட்டிக் கொடுங்கள். பீப்பாய்க் குழாய் அடைத்தால் எனக்கு நேராகப் பேச அவரிடம் என் எண்ணையும் கொடுங்கள். மேலாளர் வழியாக வந்தால் எனக்குச் செய்தி கிடைப்பதற்குள் மழை விட்டுவிடுகிறது.