பில் ஜன்னலில் 'ஆம்' பட்டனை ஸ்கிரிப்டே அழுத்தட்டும்: ஆட்டோஹாட்கீ முதல் பாடம்

பாவூர்சத்திரத்தில் ஒரு காய்கறிக் கமிஷன் மண்டியில் கணக்கு பார்க்கிறேன். ஓணம் நெருங்கினால் புளியரை வழியாகக் கேரளாவுக்குப் போகிற லோடு கூடிவிடும். ராத்திரி 11 மணிக்கு லாரிக்காரர் தார்ப்பாய் கட்டி முடித்து பில்லுக்காக வாசலில் நிற்பார், உள்ளே நான் ஒவ்வொரு பில்லுக்கும் வரும் 'பிரிண்ட் எடுக்கவா?' ஜன்னலில் 'ஆம்' என்று 60 தடவை அழுத்திக்கொண்டிருப்பேன். இப்போது அந்த வேலையை ஆட்டோஹாட்கீ பார்க்கிறது. விண்டோஸுக்கான இலவச மென்பொருள், இரண்டாம் பதிப்பையே போடுங்கள். முதல் பதிப்புக்கு எழுதிய பழைய உதாரணங்களை அதில் ஒட்டினால் பிழை காட்டும்.

முதலில் பட்டனின் பெயர் தெரிய வேண்டும். ஆட்டோஹாட்கீயோடு வரும் விண்டோ ஸ்பை என்ற கருவியைத் திறந்து, மவுஸை 'ஆம்' மேல் வையுங்கள். ஜன்னலின் தலைப்பும், கிளாஸ்என்என் என்ற இடத்தில் 'பட்டன்1' மாதிரி ஒரு பெயரும் தெரியும். இரண்டையும் அப்படியே குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து நோட்பேடில் ஸ்கிரிப்ட், அதாவது ஆட்டோஹாட்கீ செய்ய வேண்டிய கட்டளைகளின் வரிசை. நான் இங்கே தமிழில் சொல்லும் கட்டளைப் பெயர்களை அங்கே ஆங்கில எழுத்தில், நடுவில் இடம் விடாமல் அடிக்க வேண்டும். எஃப்8 சாவிக்கு ஒரு வேலை கொடுத்து, அதற்குள் 'லூப் 60' போடுங்கள், உள்ளே இருப்பதை 60 தடவை திரும்பச் செய் என்று அர்த்தம். லூப்புக்குள் மூன்றே கட்டளை. 'வின்வெயிட்' அந்தத் தலைப்புள்ள ஜன்னல் வரும்வரை காத்திருக்கும், 10 விநாடிக்குள் வராவிட்டால் லூப்பை விட்டு வெளியேறும்படி எழுதிவிடுங்கள். 'கண்ட்ரோல்கிளிக்' பட்டன்1-ஐ அழுத்தும். 'வின்வெயிட்குளோஸ்' ஜன்னல் மூடும்வரை நிற்கும். இதை விட்டுவிட்டால், மூடிக்கொண்டிருக்கிற அதே ஜன்னலை ஸ்கிரிப்ட் புது ஜன்னல் என்று எடுத்துக்கொண்டு திரும்பவும் அழுத்தப் போகும். லூப்புக்கும் எஃப்8 வேலைக்கும் வெளியே, தனியாக எஸ்கேப் சாவிக்கு 'எக்ஸிட்ஆப்' கண்டிப்பாகப் போடுங்கள், ஏதாவது தப்பாகப் போனால் உடனே நிறுத்த அதுதான் சட்டென்று கைக்குக் கிடைக்கும்.

திரையில் இத்தனையாவது புள்ளியில் அழுத்து என்று சொல்லும் வெறும் 'கிளிக்' கட்டளையும் இருக்கிறது. சுலபமாகத் தெரியும், ஆனால் வேண்டாம். நான் முதலில் அப்படித்தான் எழுதினேன். ஒரு நாள் மானிட்டரை மாற்றினோம், ஜன்னல் கொஞ்சம் தள்ளித் திறந்தது, 'ஆம்' இருந்த இடத்தில் பின்னால் இருந்த 'நீக்கு' அகப்பட்டு இரண்டு பில் அழிந்தது. தக்காளி எத்தனை பெட்டி, முருங்கைக்காய் எத்தனை கட்டு என்று துண்டுச்சீட்டைத் தேடியெடுத்துத் திரும்ப அடிக்கும்வரை லாரி நின்றது. பெயர் சொல்லி அழுத்தினால் ஜன்னல் எங்கே திறந்தாலும் சரியான பட்டன்தான் அழுந்தும், மவுஸும் நகராது.

கோப்பை 'ஏஹெச்கே' என்று முடியும் பெயரில் சேமித்து, இரண்டு முறை கிளிக் செய்து ஓடவிடுங்கள். முதல் தடவை 60 வேண்டாம், 'லூப் 2' போதும், இரண்டு பில் சரியாக வருகிறதா என்று பக்கத்திலேயே இருந்து பாருங்கள். எஃப்8 அழுத்தியும் ஒன்றும் நடக்கவில்லையா? உங்கள் பில் மென்பொருள் அட்மினிஸ்ட்ரேட்டராக ஓடிக்கொண்டிருக்கலாம். அப்படியானால் ஸ்கிரிப்டையும் அட்மினிஸ்ட்ரேட்டராகவே ஓட்ட வேண்டும், இல்லாவிட்டால் விண்டோஸ் அந்தக் கிளிக்கை உள்ளே விடாது.