கொங்கு வட்டாரத்துக்குச் சரக்குப் போக்குவரத்துத் திட்டம் வகுப்பது எப்படி?

வட்டாரச் சரக்குப் போக்குவரத்துத் திட்டம் என்றதும் வரைபடத்தை விரித்து, எந்தச் சாலையை நான்கு வழியாக்கலாம் என்று கோடு போடத் தொடங்குவது வழக்கமாகிவிட்டது. அது கடைசியில் செய்ய வேண்டிய வேலை. வண்டி நிற்கும் நேரமும் காலியாகத் திரும்பும் தூரமும்தான் வாடகையை ஏற்றிவிடுகின்றன என்பது லாரி வைத்திருக்கும் எவருக்கும் தெரியும். திட்டம் வகுப்போரும் அங்கிருந்தே தொடங்க வேண்டும். கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல், சேலம் மாவட்டங்களை எடுத்துக்காட்டாகக் கொண்டு, அதற்கான முறையை இங்கே விளக்குகிறேன்.

முதலில் எல்லையை வரையறுத்துக்கொள்ள வேண்டும். மாவட்ட எல்லை சரக்குக்குப் பொருந்தாது. திருப்பூர்ப் பின்னலாடை தூத்துக்குடிக்கும் கொச்சிக்கும் சென்னைக்கும் போகிறது. தூத்துக்குடியில் ஏறும் கன்டெய்னர் பெட்டிகளில் பெரும்பகுதி கொழும்பில் பெரிய கப்பலுக்கு மாறுகிறது. நாமக்கல் முட்டை மாநில எல்லையிலுள்ள வாளையார் வழியாகக் கேரளத்துக்குப் போகிறது. அந்தக் கோழிகளுக்கான மக்காச்சோளம் வெளி மாநிலங்களிலிருந்து ரயிலில் வருகிறது. எனவே ஆறு மாவட்டங்களை உள்வட்டமாகவும், தூத்துக்குடி, கொச்சியின் வல்லார்பாடம் ஆகிய கன்டெய்னர் முனையங்களையும் அவற்றுக்குச் செல்லும் சாலைகளையும் வெளிவட்டமாகவும் கொள்வது பொருத்தம். திருப்பூர் ரயில் நிலையம் சேலம் கோட்டத்தில் இருக்கிறது, திண்டுக்கல்லுக்குத் தெற்கே மதுரைக் கோட்டம், கேரளப் பக்கம் பாலக்காட்டுக் கோட்டம். இந்த மூன்று கோட்டங்களின் வணிகப் பிரிவு அலுவலர்களும் துறைமுக அலுவலரும் முதல் கூட்டத்துக்கே வராவிட்டால், திட்டம் வெறும் சாலைப் பட்டியலாகச் சுருங்கிவிடும்.

அடுத்தது கணக்கெடுப்பு. 2018 முதல் நடைமுறையில் உள்ள இ-வே பில் (சரக்கை அனுப்பும்போது இணையத்தில் எடுக்கும் ஜி.எஸ்.டி. வழிச்சீட்டு) பதிவுகளில், எந்தச் சரக்கு எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் போகிறது என்பது இருக்கிறது. நிறுவனப் பெயர்களை நீக்கி, அஞ்சல் குறியீட்டு வாரியாகத் தொகுத்துத் தருமாறு வணிகவரித் துறையிடம் எழுத்து மூலம் கேட்க வேண்டும். ஆனால் அதை மட்டும் நம்பக் கூடாது. தமிழ்நாட்டுக்குள் 1 லட்சம் ரூபாய் மதிப்பு வரையிலான சரக்குக்கு அந்தச் சீட்டு தேவையில்லை என்பதால், திருப்பூரின் உள்ளூர் நடமாட்டத்தில் பெரும்பகுதி அந்தப் பதிவில் விழாது. நூல் நிட்டிங் பட்டறைக்கும், துணி சாயப்பட்டறைக்கும், அங்கிருந்து காம்பேக்டிங் (துணி பின்னர் சுருங்காதபடி அழுத்திப் பதப்படுத்துவது), கட்டிங், பிரிண்டிங், தையல், பேக்கிங் என்றும் ஒவ்வொரு கட்டத்திலும் வண்டி மாறுகிறது. பெருந்துறை சிப்காட்டுக்குச் சாயமேறப் போய்த் திரும்பும் துணியும் உண்டு. ஒரு டீ-சர்ட் கப்பலேறும் முன் ஊருக்குள்ளேயே ஏழெட்டு முறை குட்டியானையில் ஏறி இறங்கிவிடுகிறது. நெடுஞ்சாலையில் மட்டும் ஆளை நிறுத்தி வண்டிகளை எண்ணினால் இவை எதுவும் கணக்கில் வராது.

சாலையோரக் கணக்கெடுப்பை முழுமையாக 24 மணி நேரமும் நடத்த வேண்டும். நான் பங்கேற்ற ஒரு கணக்கெடுப்பில் காலை 6 முதல் மாலை 6 வரை மட்டும் எண்ணிவிட்டு, இரவுக்கு ஒரு பெருக்கெண்ணை வைத்துக்கொண்டோம். நகருக்குள் பகலில் தடை இருப்பதால் டாரஸ் எனப்படும் பெரிய லாரிகளும் டிரெய்லர்களும் இரவில்தான் நகர்கின்றன என்பதால், எங்கள் கணக்கு உண்மைக்கு அருகில்கூட வரவில்லை. எடை மேடைக்காரர் ஒருவர் தன் ரசீதுக் கட்டைக் காட்டிய பிறகே தவறு புரிந்தது. எடை மேடைகளின் இரவுப் பதிவேடு மலிவான, நம்பகமான ஆதாரம் என்பதை அன்றிலிருந்து வலியுறுத்தி வருகிறேன். எடையோடு கன அளவையும் குறித்துக்கொள்ள வேண்டும்: நூல் மூட்டை எடையால் வண்டியை நிறைக்கும், ஆடை அட்டைப்பெட்டி எடைக்கு முன்பே இடத்தை அடைத்துவிடும்.

ஓட்டுநரிடம் நீண்ட படிவத்தை நீட்டுவதில் பயனில்லை. டீக்கடையில் நிற்கும்போது, "அண்ணே, இங்க எத்தனை மணிக்கு வந்தீங்க, லோடு எப்ப கிடைக்கும், திரும்பும்போது என்ன ஏத்துவீங்க?" என்ற மூன்று கேள்விகள் போதும்.

கிடைத்த விடைகளை நேரக் கணக்காக மாற்ற வேண்டும். எடுத்துக்காட்டுக்கு ஒரு வழி 320 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போய்வர 16 மணி நேரம். ஏற்றுமிடத்தில் 8 மணி நேரமும் துறைமுகத்தில் 10 மணி நேரமும் காத்திருந்தால் அது 18 மணி நேரம். சாலையை அகலப்படுத்தி வேகத்தை 50 ஆக்கினால் மிச்சமாவது 3 மணி 12 நிமிடம். காத்திருப்பைப் பாதியாக்கினால் 9 மணி நேரம். வாளையாரில் நாள்கணக்கில் நின்ற லாரி வரிசை, 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்து வணிகவரிச் சோதனைச்சாவடி எடுக்கப்பட்டபோது கரைந்ததை நினைவில் கொண்டால், இந்தக் கணக்கின் பொருள் விளங்கும். அதற்காக அங்கே யாரும் புதுச் சாலை போடவில்லை.

காத்திருப்பைக் குறைக்க ஏற்றுமதியாளர், சுங்க முகவர், லாரி உரிமையாளர் மூவரும் ஒப்புக்கொள்ளும் நேர ஒதுக்கீட்டு முறை தேவை. வண்டிக்குக் குறித்த நேரம் கொடுக்க வேண்டும். ஏற்ற இரண்டு மணி நேரத்துக்கு மேல் பிடித்தால் ஹால்டிங் கூலி, அதாவது வண்டியைக் காக்கவைத்ததற்கான கூலி, தானாகக் கணக்காக வேண்டும். நிற்கும் வண்டிக்குப் பணம் கொடுக்க வேண்டிய நிலை வந்தால்தான் பேக்கிங் பிரிவு நேரத்துக்கு முடியும். இதை மென்மையாகச் சொல்லிப் பயனில்லை.

காலி ஓட்டம் இதைவிடச் சிக்கலானது. திருப்பூருக்கு வேண்டிய காலிப் பெட்டி பெரும்பாலும் தூத்துக்குடி யார்டிலிருந்து வெறுமையாகவே வருகிறது. அதே நேரத்தில், இறக்குமதிப் பஞ்சையும் பழைய காகிதத்தையும் சுமந்து வட்டாரத்து ஆலைகளுக்கு வரும் பெட்டிகள் இறக்கியபின் காலியாகத் தெற்கே திரும்புகின்றன. இரண்டையும் இணைத்தால் ஒரு நடை மிச்சமாகும். தடை எங்கே என்றால், பெட்டி கப்பல் நிறுவனத்துக்குச் சொந்தமானது. அதன் அனுமதியின்றி வேறொருவர் அதில் ஏற்ற முடியாது. மேலும் காகிதம் வந்த பெட்டியில் ஈரவாடை இருந்தால் ஆடைக்கு உதவாது. ஒருவர் உள்ளே நிற்க, கதவைச் சாத்தி, கூரையிலோ பக்கச் சுவரிலோ ஊசிமுனை வெளிச்சம் தெரிகிறதா என்று பார்ப்பதும், தரையில் ஆணி துருத்துகிறதா என்று காலால் தடவிப் பார்ப்பதும் அனுபவசாலிகளின் வழக்கம். எனவே வட்டாரத்துக்குள்ளேயே பெட்டிகளைக் கழுவி, சோதித்து, கப்பல் நிறுவனத்தின் சார்பில் ஒப்புதல் அளிக்கும் காலிப் பெட்டி யார்டு ஒன்றைத் திட்டத்தில் சேர்க்க வேண்டும். நெடுஞ்சாலைக்கும் ரயில் பாதைக்கும் அருகே சில ஏக்கர் இதற்குப் போதும்; பெரும் சரக்குப் பூங்கா வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

ரயிலைப் பற்றிப் பேசும்போது ஆசையை அளவோடு வைத்துக்கொள்வது நல்லது. ஒரு ரேக்கில், அதாவது ஒரு முழுச் சரக்கு ரயிலில், 2,000 டன்னுக்கு மேல் வரும் மக்காச்சோளம், நிலக்கரி, சிமெண்டு ஆகியவற்றுக்கு அதுவே சரியான வழி. ஆடை ஏற்றிய கன்டெய்னர் பெட்டிக்கு 300 கிலோமீட்டர் தூரம் குறைவு. இரு முனையிலும் ஏற்றி இறக்கும் செலவு மிச்சத்தைத் தின்றுவிடும். ரேக் வரும் நிலையங்களில் கவனிக்க வேண்டியவை வேறு: குறித்த மணிக்குள் இறக்காவிட்டால் டெமரேஜ் எனும் தாமதக் கட்டணம் ஏறும் என்பதால், இரவில் இறக்க விளக்கும், மழையில் நனையாத கூரையும், லாரிகள் வரிசையாக நிற்கத் தளமும், சுமைப்பணியாளர்களுக்குக் குடிநீரும் கழிப்பறையும் வேண்டும்.

லாரி நிறுத்தங்களுக்குத் தனி இடம் ஒதுக்க வேண்டும். 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு 8 மணி நேர வேலையே சொன்னது. ஆனால் பாதுகாப்பாகப் படுக்க இடமில்லாத ஓட்டுநர் எங்கே ஓய்வெடுப்பார்? நகரின் பகல்தடை தொடங்கும் எல்லையிலேயே நிறுத்தம் அமைந்தால், சாலையோரம் நிற்கும் வண்டியில் பின்னால் வருபவர் மோதும் விபத்துகளும் குறையும். நகருக்குள் போகும் பார்சல்களை அங்கேயே பிரித்துச் சிறிய வண்டிகளில் ஏற்றலாம்.

இவ்வளவும் முடிந்த பிறகே சாலைப் பணி. அதிலும் புதுச் சாலையைவிடக் கடைசி இரண்டு கிலோமீட்டருக்கு முதலிடம் தர வேண்டும்: ஆலை வாசலில் டிரெய்லர் திரும்ப முடியாத முனை, தாழ்வான ரயில்வே சுரங்கப்பாதை, தாழத் தொங்கும் மின்கம்பி. அதிக பாரத்துக்கு எதிரான எடைச் சோதனையும் இதில் அடங்கும். சக்கர அச்சின் பாரம் இரட்டிப்பானால் சாலைக்கு நேரும் சேதம் ஏறத்தாழ 16 மடங்காகும் என்பது பொறியாளர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்தும் கணக்கு. 2018இல் அச்சுப் பார வரம்பு உயர்த்தப்பட்டு, பெரிய டிரெய்லர்களின் மொத்த எடை வரம்பு 49 டன்னிலிருந்து 55 டன்னானது. அதற்கு முன் கட்டிய சிறு பாலங்கள் எவை என்று பார்த்து, வரைபடத்தில் குறித்துவைக்க வேண்டும்.

1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டத்தின்கீழ் வகுக்கப்படும் வட்டாரத் திட்டத்தால் நிலப் பயன்பாட்டை முடிவு செய்ய முடியுமே தவிர, கப்பல் நிறுவனத்துக்கோ ரயில்வேக்கோ ஆணையிட முடியாது. ஆகவே ஒவ்வொரு பரிந்துரைக்கும் எதிரே அதைச் செய்ய வேண்டிய அலுவலகத்தையும் காலக்கெடுவையும் எழுத வேண்டும். காத்திருப்பு நேரமும் காலி ஓட்ட விகிதமும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதே எடை மேடைகளிலும் அதே டீக்கடைகளிலும் மீண்டும் அளக்கப்பட வேண்டும்.