வாய் கோணினால் உடனே மணியைப் பாருங்கள்: பக்கவாதத்துக்கு முதல் ஒரு மணி நேரம்

பக்கவாதம் பெரும்பாலும் வலிக்காது. அதனால்தான் இவ்வளவு பேர் தாமதமாக வருகிறார்கள். நெஞ்சு வலித்தால் பதறி ஓடுகிற அதே குடும்பம், அப்பாவுக்குக் கை மரத்துப்போனால் "கொஞ்ச நேரம் படுங்க, சரியாகிடும்" என்கிறது. மூளையின் பெரிய ரத்தக்குழாய் அடைபட்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்கிறார்கள் ஆய்வாளர்கள். படுக்க வைத்துப் பார்க்க நேரமே கிடையாது.

படி 1: மூன்று சோதனைகள்

சிரிக்கச் சொல்லுங்கள், வாய் ஒரு பக்கம் இழுக்கிறதா? இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிக் கண்ணை மூடச் சொல்லிப் பத்து எண்ணுங்கள்; ஒரு கை கீழே இறங்குகிறதா? "இன்னைக்கு வியாழக்கிழமை, மழை வரும்போல இருக்கு" என்பதைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்; நாக்கு குழறுகிறதா, சொல் மாறுகிறதா?

மூன்றில் ஒன்று தவறினாலே போதும், கிளம்புங்கள். திடீரென்று பார்வை மங்குவது, நிற்க முடியாமல் தள்ளாடுவது, இதுவரை வராத அளவுக்குத் தலைவலி வருவது ஆகியவையும் இதே கணக்குத்தான். பத்து நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிட்டாலும் போயே ஆகவேண்டும். பெரிய தாக்குதல் அடுத்த ஓரிரு நாளிலேயே வரக்கூடும்.

படி 2: மணியைக் குறியுங்கள்

நீங்கள் பார்த்த நேரம் முக்கியமில்லை. அவர் கடைசியாக நன்றாக இருந்தது எப்போது? இரவு 10 மணிக்கு நன்றாகப் படுத்தவர் காலை 5 மணிக்குக் கை விளங்காமல் எழுந்தால், குறிக்க வேண்டியது 10. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக 4½ மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அது கடந்தாலும் மனம் தளராதீர்கள். குழாய் செலுத்திக் கட்டியை எடுக்கும் சிகிச்சை சிலருக்கு 24 மணி நேரம் வரைகூட உதவும்.

படி 3: 108

ஆம்புலன்ஸுக்கு 108-ஐ அழையுங்கள்; இலங்கையில் என்றால் 1990-ஐ. "பக்கவாதம்னு சந்தேகம், சி.டி. ஸ்கேன் இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போகணும்" என்று சொல்லுங்கள். தெருமுனை கிளினிக்கில் நிற்க வேண்டாம். அடைப்பா, ரத்தக்கசிவா என்பது ஸ்கேனில்தான் தெரியும்; இரண்டுக்கும் வைத்தியம் நேரெதிர்.

படி 4: வண்டி வரும்வரை

ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். தண்ணீர், காபி, மாத்திரை எதுவும் வாயில் கொடுக்காதீர்கள். விழுங்கும் திறன் போயிருந்தால் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். ஆஸ்பிரின் கூடவே கூடாது, ரத்தக்கசிவாக இருந்தால் நிலைமை மோசமாகும். பிரஷர் மாத்திரையையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள். வீட்டில் சுகர் பார்க்கும் கருவி இருந்தால் பாருங்கள், சுகர் இறங்கினாலும் இப்படித் தெரியலாம். விரலில் ஊசி குத்துவது, புறா ரத்தம் தேய்ப்பது எல்லாம் நேரத்தைத் தின்பவை. தயவுசெய்து வேண்டாம்.

படி 5: ஆஸ்பத்திரி வாசலில்

சாப்பிடும் மாத்திரை அட்டைகளை அப்படியே பையில் அள்ளிப் போங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுக்கிறாரா, சமீபத்தில் ஆபரேஷன் நடந்ததா என்று கேட்பார்கள்.

கரைக்கும் ஊசியால் மூளையில் ரத்தம் கசியும் அபாயம் கொஞ்சம் உண்டு. அதனால் கையெழுத்துக் கேட்பார்கள். "அண்ணன் வரட்டும்" என்று காத்திருப்பதில் நழுவும் நேரம் கொடுமையானது. சிங்கப்பூரில் இருக்கும் அண்ணனைக் கேட்டே ஆகவேண்டும் என்றால், ஆம்புலன்ஸில் போகும்போதே போன் போட்டுவிடுங்கள்.