லயத்துக்குள் ஓர் அருங்காட்சியகம்: போகிறவர்கள் செய்யும் தவறுகள்

இலங்கையில் கண்டிக்குப் போகிறவர்கள் ஹந்தானையில் இருக்கும் தேயிலை அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு, தோட்டத்து வரலாற்றைப் பார்த்தாச்சு என்று திரும்பிவிடுகிறார்கள். முதல் தவறே அதுதான். 1925இல் கட்டிய அந்தத் தொழிற்சாலையில் இருப்பது இயந்திரங்களின் கதை, இலங்கையில் தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிவைத்த ஜேம்ஸ் டெய்லரின் கதை. கொழுந்து பறித்தவர்களின் கதைக்குக் கம்பளைக்குப் போக வேண்டும். அங்கே ஒரு பழைய லயத்தையே, அதாவது தொழிலாளர் குடியிருந்த வரிசை வீட்டையே, 2007இல் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாக ஆக்கியிருக்கிறார்கள்.

பெரிய இடம் இல்லை. எந்நேரமும் திறந்திருக்கும் என்று நம்பிப் போகாமல், முன்பே சொல்லிவிட்டுப் போங்கள்.

உள்ளே போனதும் பலர் பாத்திரங்களையும் கருவிகளையும் படம் எடுத்துக்கொண்டு பத்தே நிமிடத்தில் வெளியே வந்துவிடுகிறார்கள். எனக்கு ரொம்ப வருத்தம் தருவது இது. அங்கே பார்க்க வேண்டிய முதல் பொருள், ஒரு குடும்பம் முழுக்க வாழ்ந்த அந்தக் காம்பரா என்ற அறைதான். லயத்துக் காம்பரா பெரும்பாலும் பத்துக்குப் பன்னிரண்டு அடி. நாலு எட்டு வைத்தால் எதிர்ச்சுவர். சமையல், படுக்கை, பிரசவம், சாவு எல்லாம் அதற்குள். நடுவில் நின்று, மழையில் நனைந்த கம்பளியை எங்கே காயப்போட்டிருப்பார்கள், பிள்ளைகளை எங்கே படுக்கவைத்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆவணங்களையும் பழைய காகிதம் என்று தாண்டிவிடாதீர்கள். இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டம், இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்களின் வழிவந்த இந்த மக்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. இலங்கை, இந்தியப் பிரதமர்கள் போட்ட 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று, அவர்களைக் கேட்காமலே கணக்குப் போட்டார்கள். நீலகிரியில் கூடலூரிலும் கோத்தகிரியிலும் இருக்கும் தாயகம் திரும்பியோர் குடும்பங்களுக்கும் இது சொந்தக் கதை.

அப்புறம், பேச்சில் கவனம். "தோட்டக்காட்டான்", "கூலி" என்ற சொற்கள் இன்றும் வலிக்கும். மலையகத் தமிழர் என்று சொல்லுங்கள். மலையகத்தில் இன்னமும் லயங்களில் மக்கள் குடியிருக்கிறார்கள். வழியில் கொடியில் துணி காயும் வாசலைப் பார்த்ததும் போனைத் தூக்காதீர்கள். "அக்கா, எடுக்கலாமா?" என்று கேளுங்கள்; வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

தோட்டத்தில் பிறந்த பெரியவர் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால், அவரை விட்டுவிட்டுப் போவதுதான் பெரிய தவறு. பெரட்டு (காலையில் ஆள் கணக்கெடுப்பது), கவ்வாத்து (செடியை வெட்டிவிடுவது), அரைப்பேர் (அரைநாள் கூலி) போன்ற தோட்டத்துச் சொற்கள் எல்லாம் அவர் சொன்னால்தான் விளங்கும். ஒரு கூடை முன்னால் அவர் நின்று, கயிறு தலையில் எங்கே அழுத்தும் என்று தொட்டுக் காட்டினால், அவசரப்படுத்தாமல் பக்கத்தில் நில்லுங்கள்.