ஐஇஎல்டிஎஸ் ரீடிங்: ஒரு பாசேஜை வைத்துப் பழகும் முறை

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் தமிழ் மீடியத்தில் படித்து, நர்சிங் முடித்து, பிரிட்டன் போவதற்காக ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வு எழுதுகிறவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறோம். பிரிட்டனில் நர்ஸாகப் பதிவு செய்ய, இந்தத் தேர்வின் படித்துப் புரியும் பகுதியான ரீடிங்கில் 7 பேண்ட் (மதிப்பெண் நிலை) வேண்டும். இதற்கு எழுத வேண்டிய 'அகாடமிக்' வகைத் தேர்வின் ரீடிங்கில் மூன்று பாசேஜ், 40 கேள்வி, 60 நிமிடம். ஏறத்தாழ 30 சரியானால் 7 வரும். தினம் ஒரு மாதிரித் தேர்வு எழுதி மார்க் மட்டும் போட்டுக்கொண்டு போனால் அந்த 30 வராது. ஒரே பாசேஜை விடாமல் துருவினால் வரும்.

படி 1: கடிகாரம் வேண்டாம்

முதல் இரண்டு வாரம் நாளுக்கு ஒரு பாசேஜ் போதும். ஒவ்வொரு பாராவையும் படித்ததும் அது எதைப் பற்றியது என்று ஓரத்தில் மூன்று நாலு சொல்லில் எழுதுங்கள், தமிழிலேயே எழுதலாம். தெரியாத சொல்லை அடிக்கோடிட்டு விட்டு நகருங்கள். பாராவுக்குத் தலைப்புப் பொருத்தும் கேள்வி வரும்போது இந்த ஓரக்குறிப்புதான் கைகொடுக்கும்.

படி 2: நீண்ட வாக்கியம்

'நேற்று மருந்து வாங்கிய நோயாளி' என்று விளக்கத்தை முதலில் வைப்பது நம் வழக்கம். ஆங்கிலத்தில் நோயாளி முதலில் வருவார். 'ஹூ' போட்டு விளக்கம் பின்னால் வரும். வினைச்சொல் அதற்கும் அப்பால் நிற்கும். சொல் சொல்லாகத் தமிழாக்கினால் நடுவிலேயே குழம்பிவிடும். யார், என்ன செய்தார் என்ற இரண்டையும் முதலில் வட்டமிடுங்கள். மிச்சத்தைப் பிறகு சேர்க்கலாம்.

படி 3: ட்ரூ, ஃபால்ஸ், நாட் கிவன்

ஒரு கூற்றைக் கொடுத்து, பாசேஜின்படி அது சரியா (ட்ரூ), தவறா (ஃபால்ஸ்), பாசேஜில் சொல்லப்படவே இல்லையா (நாட் கிவன்) என்று கேட்பார்கள். மார்க் அதிகம் போவது இங்கேதான். பாசேஜ் இப்படிச் சொல்வதாக வைத்துக்கொள்வோம்: 'இங்கே மழை குறைவு. அதனால் பலர் தென்னைக்கு மாறினார்கள். சிலர் இன்னும் நிலக்கடலை போடுகிறார்கள்.'

'எல்லோரும் தென்னைக்கு மாறிவிட்டார்கள்' என்பது ஃபால்ஸ். பாசேஜ் அதை நேராக மறுக்கிறது. 'தென்னையில் லாபம் அதிகம்' என்பது நாட் கிவன். உங்கள் வீட்டிலேயே தோப்பு இருக்கலாம், லாபக் கணக்கும் தெரிந்திருக்கலாம். பாசேஜில் லாபத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நமக்குத் தெரிந்த விஷயம் வரும்போதுதான் இந்தத் தவறு நேர்கிறது. மறுக்கும் வரியை விரல் வைத்துக் காட்ட முடிந்தால் மட்டும் ஃபால்ஸ் போடுங்கள்.

'ஆல்', 'ஒன்லி', 'மோஸ்ட்' போன்ற சொற்களில் நின்று படியுங்கள். இந்த வகைக் கேள்விகளின் விடைகள் பாசேஜின் வரிசையிலேயே வரும்; பாராத் தலைப்புக் கேள்வி அப்படியில்லை.

படி 4: திருத்தும் நோட்டு

படிக்க 20 நிமிடம் ஆனால் திருத்த 40 நிமிடம் ஒதுக்குங்கள். தவறிய ஒவ்வொரு கேள்விக்கும் கேள்வியில் இருந்த சொல், அதே பொருளில் பாசேஜில் இருந்த சொல், தவறிய காரணம் என்று மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். சொல் தெரியவில்லையா, வரி கிடைக்கவில்லையா, கிடைத்த வரியைத் தப்பாகப் புரிந்துகொண்டீர்களா? முதலாவது அதிகமானால் சொல் ஜோடிகளைப் படியுங்கள். இரண்டாவதென்றால் ஓரக்குறிப்பு சரியில்லை. மூன்றாவதென்றால் படி 2-க்குத் திரும்புங்கள். அகராதியை இப்போது எடுக்கலாம்.

படி 5: இனி கடிகாரம்

பாசேஜுக்கு 20 நிமிடம். ஒரு கேள்வியில் ஒன்றரை நிமிடம் தாண்டினால் குறி போட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். தப்பான விடைக்கு மார்க் குறைக்க மாட்டார்கள், எனவே எதையும் காலியாக விடாதீர்கள். 'இரண்டு சொல்லுக்கு மிகாமல்' என்று கேட்ட இடத்தில் மூன்று எழுதினால் விடை செல்லாது. ஸ்பெல்லிங் பிழைக்கும், விட்டுப்போன பன்மை 'எஸ்'ஸுக்கும் அதே கதிதான். காகிதத் தேர்வில் விடைத்தாளுக்கு மாற்றி எழுதத் தனி நேரம் கிடையாது; விடையை நேராக அதிலேயே எழுதிப் பழகுங்கள். கணினியில் எழுதப் போகிறவர்கள் இந்தப் படியிலிருந்து திரையில் மட்டும் படியுங்கள்.