மொத நூறு ஃபாலோயர எப்படி சேக்குறது (காசு குடுக்காம)

இன்ஸ்டாகிராம், யூடியூப்ல புதுசா அக்கவுன்ட் ஆரம்பிச்சவங்க மொதல்ல மாட்டுறது "நீ எனக்கு ஃபாலோ போடு, நான் உனக்கு போடுறேன்"ல தான். நானும் மாட்டுனேன், ரெண்டு வாரத்துல நம்பர் மளமளன்னு ஏறுச்சு, ஆனா போஸ்ட் போட்டா ஒரு ஈ காக்கா எட்டிப் பாக்கல. பின்ன எப்படி பாப்பாங்க, அவங்க வந்ததே அவங்க நம்பர ஏத்திக்கத்தான? அதுலயும் நம்ம ஆளுங்களே பாக்காம தள்ளிட்டு போறத ஆப் கவனிக்குது, அப்புறம் தெரியாதவங்க கிட்ட அத எதுக்கு கொண்டு போய் காட்டப் போகுது சொல்லுங்க.

ஃபாலோயர காசு குடுத்து வாங்குறது இன்னும் மோசம். 2014 டிசம்பர்ல இன்ஸ்டாகிராம் போலி அக்கவுன்ட்ட எல்லாம் தூக்குனப்போ பாடகர் ஜஸ்டின் பீபருக்கே 35 லட்சம் பேர் குறைஞ்சாங்க, நம்ம எல்லாம் எம்மாத்திரம். யூடியூப்ல மாத்தி மாத்தி சப்ஸ்கிரைப் பண்ணிக்கிறது ரூல்ஸ்படியே தப்பு. அது போக அங்க விளம்பரக் காசு வரணும்னா 1,000 சப்ஸ்கிரைபர் மட்டும் பத்தாது, 12 மாசத்துல 4,000 மணி நேரம் ஜனங்க பாத்திருக்கணும், இல்லன்னா 90 நாள்ல ஷார்ட்ஸ்க்கு (அதான் அந்த குட்டி வீடியோ) 1 கோடி வியூஸ். வாங்குன ஆளு உக்காந்து வீடியோ பாப்பானா?

சரி, என்னதான் பண்றது. ஒரே விஷயத்த எடுங்க, அதையும் நல்லா சுருக்குங்க. "ஓவியம்"னா கடல், "பென்சில்ல முகம் வரையறது"ன்னா யாருக்குன்னு உடனே புரியும். பேரு, பயோ (பேருக்கு கீழ நம்மள பத்தி எழுதுற ரெண்டு வரி), மேல இருக்குற ஒம்பது போஸ்ட், இத பாத்தே இவர் என்ன பண்றார்னு தெரியணும்.

அடுத்தது கமெண்ட், என்னைக் கேட்டா பாதி வேலை இங்கதான். ஒருத்தர் "ரெண்டு கண்ணும் ஒரே அளவுல வரமாட்டேங்குது"ன்னு கேக்குறாருன்னு வைங்க, ஹார்ட் எமோஜி போட்டு நகந்துடாதீங்க, "ரெண்டு கண்ணுக்கும் நடுவுல இன்னொரு கண்ணு அளவு இடம் விடுங்க, அப்புறம் பேப்பர தலைகீழா திருப்பி பாருங்க, கோணல் தானா தெரியும்"னு எழுதுங்க. அவர் வரைஞ்சு பாத்துட்டு திரும்ப வருவாரு, அடுத்த போஸ்ட்டுக்கு அதே கேள்வியையே எடுத்துக்கலாம், கன்டென்ட் ஐடியாவும் ஆச்சு. அதே மாதிரி உங்க துறையில இருக்குற மத்தவங்க போஸ்ட்லயும் போய் பேசுங்க, ஆனா "சூப்பர் ப்ரோ, என் பேஜ் பாருங்க" மட்டும் வேணாம், பாக்குறவங்களுக்கு பத்திக்கிட்டு வரும்.

வீடியோன்னா "வணக்கம் நண்பர்களே, எல்லாரும் நல்லா இருக்கீங்களா"ன்னு இழுக்காதீங்க, முடிஞ்ச ஓவியத்த மொத ரெண்டு செகண்ட்லயே காட்டிடுங்க. நம்ம வீடியோவோட கணக்க காட்டுற யூடியூப் ஸ்டுடியோல எந்த இடத்துல ஆளுங்க கழண்டுக்கிறாங்கன்னு கிராஃப் இருக்கு, எனக்கு அது என் சுயபுராணம் ஆரம்பிக்கிற இடத்துல சரியா விழுந்துச்சு, அன்னைக்கோட அத வெட்டிட்டேன்.

லைக்க எண்ணிட்டு உக்காராதீங்க. எவ்ளோ நேரம் பாத்தாங்க, எத்தன பேர் ஃபிரண்டுக்கு அனுப்புனாங்க, இத பாருங்க, இன்ஸ்டாகிராம் தலைவர் ஆடம் மொசெரியே 2025 ஜனவரில லைக்கோட சேத்து இந்த ரெண்டையும் முக்கியம்னு சொன்னாரு.

தினம் போடணும்னு இல்ல. வாரம் ரெண்டுன்னா ரெண்டு, மூணு மாசம் விடாம போடுங்க, நடுவுல மொத வாரத்துல கேள்வி கேட்ட அந்த ஆளு தான் வரைஞ்ச முகத்த டிஎம்ல (தனி மெசேஜ்ல) அனுப்புவாரு, அத அவர் சம்மதத்தோட ஸ்டோரில போடுங்க.